கெர்னல் பேசின கதை



போன பதிவு ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பற்றி. இந்தத் தடவை அதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்: லினக்ஸ் கெர்னல். "ஐயய்யோ, டெக்னிக்கல் பதிவா?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் எழுந்து ஓட வேண்டாம். இது சரித்திரப் பதிவுதான். நடுவில் ஒரு பைக் ரேஸ் வீரர் வருகிறார், சிப்காட் சி.என்.சி. மெஷின் வருகிறது, பக்கத்து ஊர் பெங்களூரும் வருகிறது. கடைசி வரை படியுங்கள் :-)

கண் தெரியாதவர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நம்மில் பலருக்கு ஓரளவு தெரியும். திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் படித்துச் சொல்லும். அதற்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள். சரி, அந்த மென்பொருள் எப்போது பேச ஆரம்பிக்கும்? பெரும்பாலும் கணினி முழுதாகக் கிளம்பி, டெஸ்க்டாப் எல்லாம் வந்த பிறகு. அதற்கு முன்னாலேயே ஏதாவது தகராறு என்றால்? ஹார்ட் டிஸ்கில் பிழை என்று ஒரு வரியை எழுதிவிட்டு மெஷின் அப்படியே நின்றுவிட்டால்? அந்த ஒரு வரியைப் படிக்கக் கண் தெரிந்த யாரையாவது கூப்பிட வேண்டும். "அண்ணா, திரையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

ஒரு நாள் கூப்பிடலாம், இரண்டு நாள் கூப்பிடலாம். அதையே வேலையாகச் செய்பவர், அதாவது ஒரு சிஸ்டம் அட்மின், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவார்? இந்தக் கேள்விக்குப் பதிலாக, பேசும் குரலை டெஸ்க்டாப்பிலிருந்து கீழே, கீழே, கெர்னலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தவர்களின் கதைதான் இது.

கெர்னல் என்றால்...

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இயங்குதளத்தின் அடித்தளம்தான் கெர்னல். நினைவகம், டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் நேரடியாகக் கையாளுவது இதுதான். மற்ற மென்பொருள்கள் எல்லாம் இதனிடம் கேட்டுத்தான் எதையும் வாங்க முடியும். பூட் ஆகும்போது கருப்புத் திரையில் சரசரவென்று வரிகள் ஓடுமே, அதில் முதல் பாதி இது எழுதுவதுதான். லினக்ஸ் கெர்னலை எழுதிக்கொண்டிருப்பதாக லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்தது 1991 ஆகஸ்ட் 25. மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடப்பதால், வேண்டியதைச் சேர்த்து வேண்டாததை நீக்கி, நமக்கென்று ஒரு கெர்னலை நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

லினக்ஸுக்கு முன்னால்

ஸ்க்ரீன் ரீடர் என்ற பெயரே ஐ.பி.எம். கொடுத்தது. அங்கே வேலை பார்த்த கணிதவியலாளர் ஜிம் தாட்சர், அவருக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்த ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். இருவரும் ஐ.பி.எம்.மில் சேர்ந்து வேலை செய்தார்கள். ரைட்டுக்காகத் தாட்சர் செய்ய ஆரம்பித்த சோதனை முயற்சி, 1986 வாக்கில் டாஸ் இயங்குதளத்துக்கான 'ஸ்க்ரீன் ரீடர்' ஆக வெளிவந்தது. பிறகு அந்தப் பெயரே இந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. (ஜெராக்ஸ் கதைதான்!)

அடுத்து நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடித்த ஆள். ஓசூர் என்றால் பைக் இல்லாமல் முடியுமா? அமெரிக்காவின் டெட் ஹென்டர் சர்வதேசப் போட்டிகளில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ரேஸ் வீரர். 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது. அதன் பிறகு கணினி படித்து, நண்பரோடு கம்பெனி ஆரம்பித்து, 1989இல் ஜாஸ் என்ற திரைவாசிப்பானைக் கொண்டுவந்தார். முதலில் டாஸுக்கு, 1995இல் விண்டோஸுக்கு. இன்றைக்கும் உலகம் முழுக்க வேலை இடங்களில் ஜாஸ் ஓடுகிறது. ஆனால் விலை! இந்தியாவில் ஒரு மாணவர் சொந்தக் காசில் வாங்கக்கூடிய சங்கதி இல்லை.

டாஸ் காலத்தில் ஒரு வசதி இருந்தது. திரை என்பது வெறும் எழுத்துகள்தான்: 80 பத்தி, 25 வரி. அந்த எழுத்துகள் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வரிசையாக இருக்கும். அங்கே எட்டிப் பார்த்தாலே திரையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். குரல் கொடுக்கும் வேலையைத் தனி வன்பொருள் பார்த்துக்கொண்டது. சீரியல் போர்ட்டில் செருகும் ஒரு பெட்டி. எழுத்தை அனுப்பினால் அது பேசும். 1984இல் வந்த டெக்டாக் இதில் பிரபலம். எம்.ஐ.டி.யின் டென்னிஸ் கிளாட் செய்த ஆய்விலிருந்து பிறந்தது அது. ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரலும் அதே கிளாட்டின் ஆய்விலிருந்து வந்ததுதான்.

சீரியல் போர்ட் என்றதும் 'அது எந்தக் காலத்துப் பொருள்' என்று கணினித்துறை நண்பர்கள் சிரிப்பார்கள். சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். புரோகிராமை மெஷினுக்குள் ஏற்ற ஆர்.எஸ்.-232 கேபிளைப் பயன்படுத்தும் பழைய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதே கேபிள்தான் பார்வையற்றவர்களுக்கு வாயாக இருந்தது.

1995: இரண்டு இந்தியப் பெயர்கள்

லினக்ஸ் வந்த புதிதில் அதற்கு வாய் கிடையாது. பார்வையற்ற லினக்ஸ் ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் என்றால், டாஸும் திரைவாசிப்பானும் உள்ள இன்னொரு கணினியை சீரியல் கேபிளால் லினக்ஸ் கணினியோடு இணைத்து, அதை டெர்மினலாக வைத்துக்கொண்டார்கள். ஒரு கணினியைப் பயன்படுத்த இரண்டு கணினி! அந்தக் காலத்து விலையை யோசித்துப் பாருங்கள்.

1995இல் இரண்டு விஷயம் நடந்தது. இரண்டிலும் இந்தியப் பெயர்கள் இருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒன்று, பி.ஆர்.எல்.டி.டி.ஒய். நிகில் நாயர் என்பவர் எழுத ஆரம்பித்தது. லினக்ஸின் எழுத்துத் திரையில் இருப்பதை பிரெய்ல் காட்டியில் விரலால் தடவிப் படிக்க வைக்கும். பிரெய்ல் காட்டி என்பது புள்ளிகள் மேலே எழும்பி இறங்கும் ஒரு கருவி. பூட் ஆகும்போது மிகச் சீக்கிரமே இதை ஓட விட்டுவிடலாம் என்பது பெரிய பலம். ஆனால் கருவியின் விலை லட்ச ரூபாய்க் கணக்கில் போகும். இந்த மென்பொருள் பல பேர் கைமாறி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, ஈமாக்ஸ்பீக். எழுதியவர் டி.வி. ராமன். 1965இல் பிறந்து புனேயில் வளர்ந்தவர். குளுக்கோமாவால் 14 வயதில் பார்வையை முழுதாக இழந்தார். புனேயில் கணிதம் படித்து, ஐ.ஐ.டி. பம்பாயில் கணினி அறிவியல் படித்தார். அங்கே அவர் கணினியைப் பயன்படுத்திய விதத்தைக் கேளுங்கள்: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லி, இவர் சொல்வதைத் தட்டச்சு செய்வார். நம் கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்றால் மரம் நடுவது, ரோடு கூட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். பெயர் தெரியாத அந்த மாணவர்கள் எப்பேர்ப்பட்ட வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

ராமன் அமெரிக்கா போய் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கணிதச் சமன்பாடுகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி வாசிக்கும் மென்பொருள்தான் ஆய்வேடு. அடுத்த வருடமே ஈமாக்ஸ்பீக். திரையில் எங்கே எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்து வாசிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலண்டரைத் திரைவாசிப்பான் படித்தால் "ஞாயிறு திங்கள் செவ்வாய்... 1 2 3..." என்று ஒப்பிக்கும். எந்தத் தேதி என்ன கிழமை என்று கேட்பவர்தான் கணக்குப் போட வேண்டும். ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்கு உள்ளேயே குரல் இருந்தால் அது காலண்டர் என்பது அதற்குத் தெரியும். கிழமையோடு சேர்த்துச் சொல்லும். அருமையான யோசனை. ஆனால் ஈமாக்ஸ் ஓடினால்தான் பேச்சு. கெர்னல் கிளம்பும்போது மௌனம்தான். (ராமன் 2005இல் கூகுளில் சேர்ந்தார். 2009இல் ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்ததில் அவருக்கும் சார்லஸ் சென்னுக்கும் பெரிய பங்கு உண்டு. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்.)

1998: ஸ்பீக்கப்

இப்போது கதாநாயகன் வருகிறார். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த கிர்க் ரைசர் ஸ்பீக்கப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மூலநிரலில் காப்புரிமை வருடம் 1998 என்று இருக்கிறது. தனியாக ஓடும் மென்பொருளாக அவர் அதைச் செய்யவில்லை. கெர்னலுக்கே ஒரு பேட்ச், அதாவது ஒட்டு போட்டார்.

கெர்னல் திரைக்கு ஓர் எழுத்தை அனுப்பும்போதே ஸ்பீக்கப் அதைப் பிடித்து, சீரியல் போர்ட்டில் உள்ள பேச்சுப் பெட்டிக்கும் அனுப்பிவிடும். பழையதைத் திரும்பக் கேட்க கீபோர்டின் வலது பக்க எண் பட்டன்கள். 7, 8, 9 என்றால் முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி. 4, 5, 6 சொற்களுக்கு. 1, 2, 3 ஒவ்வோர் எழுத்துக்கு. பழகிவிட்டால் கை அங்கேயே கிடக்கும். இதனால் கிடைத்த லாபம் என்ன? டெஸ்க்டாப், எடிட்டர், லாகின் எதுவும் வருவதற்கு முன்பே, பூட் செய்திகள் ஓடும்போதே குரல் வந்துவிடும். டிஸ்க் பிழை என்றால் அந்த வரி காதில் விழும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஆனால் இது கெர்னலோடு வரவில்லையே. வேண்டும் என்றால் நாமே கம்பைல் செய்ய வேண்டும். அந்தக் காலத்துச் செய்முறை இப்படி: கெர்னல் மூலநிரலை இறக்க வேண்டும் (டயல் அப்பில்!). அந்தப் பதிப்புக்குப் பொருந்தும் ஸ்பீக்கப் ஒட்டைத் தேடி எடுத்துப் போட வேண்டும். 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்து, நீளமான பட்டியலில் நம்மிடம் உள்ள பேச்சுப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கம்பைல். இன்றைக்கு ஒரு டீ குடிக்கும் நேரம், அன்றைக்கு மணிக்கணக்கு. முடிந்ததும் புது கெர்னலை அதன் இடத்தில் வைத்து, லைலோ என்ற பூட் லோடரிடம் சொல்லி, ரீபூட்.

இந்த ரீபூட் இருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்கும் இடம். நமக்கென்றால் திரை கருப்பாக இருக்கிறதா, பிழைச் செய்தி இருக்கிறதா என்று கண் சொல்லிவிடும். கண் தெரியாதவருக்குப் புது கெர்னல் பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? கெர்னல் செத்துவிட்டதா? நன்றாகக் கிளம்பி, பேச்சுப் பெட்டியை மட்டும் கண்டுபிடிக்கவில்லையா? இரண்டும் ஒரே மௌனம். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பேசும் பழைய கெர்னலை அழிக்காமல் பட்டியலில் இரண்டாவதாக வைத்திருப்பார்கள். பூட் லோடர் தயாரானதும் ஒரு 'பீப்' அடிக்க ஏற்பாடு செய்துகொள்வார்கள். பீப் கேட்டதும் பழைய கெர்னலின் பெயரைத் தட்டினால் மறுபடி குரல். கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர் சுவரிலிருந்து ஒரு கையை எடுக்காமல் நடப்பதைப் போல.

எல்லாருக்கும் இது முடியாது என்பதால் சில விநியோகங்கள் உதவின. ஸ்லாக்வேர் தன் வட்டிலேயே ஸ்பீக்கப் சேர்த்த கெர்னலைத் தனியாகக் கொடுத்தது. ரெட் ஹேட்டுக்கும் அப்படி மாற்றிய பதிப்பைத் தன்னார்வலர்கள் தயாரித்தார்கள். கண் தெரிந்தவர் துணையில்லாமல் லினக்ஸை முதல் வரியிலிருந்து நிறுவ முடிந்தது இப்படித்தான்.

பக்கத்து ஊரில் என்ன நடந்தது?

நம் எல்லைப் பகுதிக்கு ஒரு குணம் உண்டு. ஓசூர் சந்தையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மூன்றையும் புரிந்துகொள்கிற, மூன்று மொழியிலும் பேரம் பேசுகிற பாட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் பஸ் போர்டைப் படிக்கச் சொன்னால் முழிப்பார்கள். காதுக்குத் தெரிந்த மொழி கண்ணுக்குத் தெரிவதில்லை. பேசும் கணினி பார்வையற்றவர்களுக்கு மட்டும் தேவைப்படுகிற ஒன்று இல்லை என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்.

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். 2001 ஏப்ரலில் அறிமுகம். உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, அதற்கேற்ற லினக்ஸ். படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதால் எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காக ரமேஷ் ஹரிஹரன் முன்னின்று செய்த பேச்சு மென்பொருளின் பெயர் 'த்வனி'.

சிம்ப்யூட்டர் 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது, விற்பனையில் தோற்றது. த்வனி தோற்கவில்லை. கட்டற்ற மென்பொருளாக வெளிவந்திருந்ததால், கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்கல் அதை எடுத்து வளர்த்து, தமிழ் உட்படப் பல மொழிகளைப் பேச வைத்தார். பொருள் செத்தாலும் மூலநிரல் திறந்திருந்தால் அது இன்னொருவர் கையில் பிழைத்துக்கொள்ளும்.

அதே இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கென்றே ஒரு பேச்சு மென்பொருளைச் செய்து, 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கட்டுரை வாசித்தது. மென்பொருளுக்கு வைத்த பெயர் 'திருக்குறள்'! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கல்யாண கிருஷ்ணனின் ஆய்வகம், வித்யா விருக்ஷா என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பார்வையற்றவர்கள் இந்திய மொழிகளில் தட்டச்சு செய்து கேட்கும் எடிட்டரைக் கொடுத்தது. பிறகு 2009இல் இந்திய அரசின் நிதியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிக் குரல்களைச் செய்யத் தொடங்கின. அந்தக் குரல்கள் விண்டோஸின் இலவசத் திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ.விலும், லினக்ஸ் டெஸ்க்டாப்பின் ஆர்க்காவிலும் சேர்க்கப்பட்டன.

ஆனால் கவனியுங்கள். இவை எல்லாமே மேல் மாடியில் ஓடும் மென்பொருள்கள். கீழே, கெர்னலின் கருப்புத் திரையில், தமிழின் நிலை என்ன?

பெட்டியிலிருந்து மென்பொருளுக்கு

அதற்கு முன் ஒரு திருப்பம். பேச்சுப் பெட்டிகள் விலை அதிகம், இந்தியாவில் கிடைப்பதும் அரிது. நாளடைவில் லேப்டாப்களில் சீரியல் போர்ட்டே காணாமல் போனது. அதே சமயம், ஜோனதன் டடிங்டன் என்பவர் 1995இல் ஏகார்ன் கணினிக்கு எழுதிய ஒரு குட்டிப் பேச்சு மென்பொருளை 2006 வாக்கில் ஈஸ்பீக் என்று கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். மிகச் சிறியது, வேகமானது, சாதாரண சவுண்ட் கார்டு போதும். தமிழும் தெரியும். குரல் ரோபோ மாதிரிதான் இருக்கும். ஆனால் பழகியவர்கள் அதை நாம் பின்தொடரவே முடியாத வேகத்தில் வைத்துக் கேட்கிறார்கள்.

ஸ்பீக்கப்பையும் ஈஸ்பீக்கையும் இணைக்க வில்லியம் ஹப்ஸ் ஈஸ்பீக்கப் என்ற பாலத்தை எழுதினார். கெர்னல் எழுத்தைக் கொடுக்கும். வெளியே இருக்கும் ஈஸ்பீக் பேசும். செலவு பூஜ்யம். இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஈஸ்பீக் சாதாரண மென்பொருள் என்பதால், கெர்னல் கிளம்பி, சவுண்ட் கார்டு தயாராகி, அதன் பிறகுதான் குரல் வரும். பெட்டி இருந்த காலத்தில் கேட்ட முதல் வரிகள் இப்போது உடனே கேட்காது; பிறகு திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். பாதி வழியிலேயே நின்றுவிட்டால் அதுவும் முடியாது. விலையைக் குறைக்க ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். நம் போன்ற நாடுகளுக்கு இது லாபகரமான பேரம் என்றே நினைக்கிறேன். பெட்டியே இல்லாதவருக்கு முதல் வரி கேட்டால் என்ன, பத்தாவது வரி கேட்டால் என்ன?

இன்னொரு தொல்லை: ஸ்பீக்கப் வெளியிலிருந்து போடும் ஒட்டாகவே இருந்தது. கெர்னல் பதிப்பு மாறும்போதெல்லாம் ஒட்டையும் மாற்ற வேண்டும். 12 வருடம் இப்படியே ஓடியது! 2011 ஜனவரியில் வந்த 2.6.37 பதிப்பில்தான் அது கெர்னலுக்குள் போனது. அதுவும் நடு வீட்டுக்குள் இல்லை; ஸ்டேஜிங் என்ற திண்ணைக்கு. இன்னும் செப்பனிட வேண்டிய நிரல்களை வைக்கும் இடம் அது.

திண்ணையில் ஏன் உட்கார வைத்தார்கள்? மற்ற நிரல்கள் சீரியல் போர்ட்டைக் கெர்னலின் முறையான அடுக்கு வழியாகக் கேட்டு வாங்கும்போது, ஸ்பீக்கப் நேரடியாக வன்பொருளில் கை வைத்தது. யு.எஸ்.பி.யில் செருகும் சீரியல் கேபிள் அதற்கு வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். 2017இல் ஓகாஷ் கவாஜா இதை முறையான வழிக்கு மாற்றினார். பாக்கி வேலைகளை சாமுவேல் திபோ போன்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் வந்த 5.9 பதிப்பில் ஸ்பீக்கப் திண்ணையிலிருந்து எழுந்து, 'அணுகல்தன்மை' என்ற பிரிவுக்குள் போய் உட்கார்ந்தது. 1998இலிருந்து கணக்குப் பார்த்தால் 22 வருடம். நம்மில் பலருடைய வயதுக்குச் சமம்!

இதற்கு நடுவில் 2013இல் வந்த டெபியன் 7, மென்பொருள் குரலோடு நிறுவும் வசதியைத் தந்தது. இன்றைக்கு டெபியன் வட்டைப் போட்டு பூட் செய்தால் பட்டியல் தயாரானதும் 'பீப்' கேட்கும். 's' எழுத்துக்கான பட்டனைத் தட்டி என்டர் கொடுத்தால் நிறுவி பேச ஆரம்பிக்கும். யாருடைய கண்ணும் தேவையில்லை. நானே ஹாஸ்டலில் மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு பழைய மெஷினில் செய்து பார்த்தேன். டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் மூன்று முறை திரும்பக் கேட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் 'ஆம்' கொடுத்தேன். வேலை முடிந்தது.

தமிழ் எங்கே நிற்கிறது?

கெர்னலின் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்காகக் கோத்துக் காட்டும் அறிவும் அதற்குக் கிடையாது. அதைவிட மோசம், எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் முன்பெல்லாம் கெர்னல் அதை மறந்தே போகும். ஞாபகத்தில் இருந்தது ஒரு கேள்விக்குறி வடிவம் மட்டும். கண்ணுக்கும் தெரியவில்லை, பிரெய்ல் காட்டிக்கும் தெரியவில்லை.

2017இல் ஸ்பீக்கப் யுனிகோடு எழுத்துகளை ஈஸ்பீக்குக்கு அனுப்பக் கற்றுக்கொண்டது. 2018இல் வந்த 4.19 பதிப்பில், பி.ஆர்.எல்.டி.டி.ஒய். பணியிலும் பங்குள்ள நிக்கோலா பித்ரே செய்த மாற்றத்தால், திரையில் காட்ட முடியாத எழுத்தானாலும் அது என்ன எழுத்து என்பதைக் கெர்னல் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கண் தெரிந்த நான் அந்தக் கருப்புத் திரையில் தமிழைப் படிக்க முடியாது. பார்வையற்ற ஒருவருக்குத் தமிழைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அங்கே திறந்துவிட்டது.

வேலை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. கெர்னலுக்கும் கீழே இருக்கும் பயாஸ் அமைப்புத் திரை பெரும்பாலான கணினிகளில் இன்னும் ஊமைதான். அது கம்பெனிகள் கையில் இருக்கிறது; நாம் கம்பைல் செய்ய முடியாது. ஆனால் இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. தமிழில் 'ப' என்று ஒரே எழுத்துதான். 'பால்' என்பதில் ஓர் ஒலி, 'பஸ்' என்பதில் வேறு ஒலி. சொல்லின் நடுவில் வரும் மாற்றத்துக்கு விதி உண்டு. சொல்லின் முதலில் வந்தால் பழக்கம்தான். பர்கூர், பாகலூர், பேரிகை எல்லாம் நம் வாயில் 'பஸ்' மாதிரி வரும். போச்சம்பள்ளி 'பால்' மாதிரி வரும். விதி மட்டும் தெரிந்த இயந்திரத்துக்கு இது எப்படித் தெரியும்? யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஈஸ்பீக்கின் தற்போதைய வடிவமான ஈஸ்பீக் என்.ஜி.யில் தமிழ் உச்சரிப்பு விதிகளும் விதிவிலக்குப் பட்டியலும் சாதாரண உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றைத் திருத்த சி மொழி தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்து, காது நன்றாக இருந்தால் போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வருடா வருடம் அதே லைன் ஃபாலோயர் ரோபோவைச் செய்யும் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களில் நூறு சரியானாலும், அதை முதலில் கேட்கப்போகிறவர் எங்கோ ஒரு கருப்புத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்துடன் முடித்துக்கொள்கிறேன். அடுத்த பதிவு தளி பக்கத்து ரோஜாத் தோட்டங்களைப் பற்றி. மறுபடி சந்திப்போம்.